பழைய போன் வயரைப் பிடுங்குவதா, அதையே பயன்படுத்துவதா?

ஜனவரி 11, காலை (வாசகர் கேள்வி)

நாங்கள் இருப்பது நான்கு மாடிப் பழைய குடியிருப்பு. எல்லா அறையிலும் சுவரில் போன் சாக்கெட் இருக்கிறது, போன்தான் யாரிடமும் இல்லை. நேற்று ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி, அதில் இரண்டை மட்டும் இணைத்திருக்கிறார்கள். நெட்வொர்க் கேபிளிலும் எட்டுக் கம்பிதானே? சாக்கெட்டை நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே-45 ஆக மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். வேலைக்கு வந்தவர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

ஜனவரி 11, இரவு (பதில்)

எட்டுக் கம்பி இருப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயம் தெரியாமல் மேலே பேச முடியாது. முதலில், கேபிளின் மேலுறையில் என்ன அச்சிட்டிருக்கிறது? கேட் என்பது கேபிளின் தர வகை. கேட் 5இ என்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேட் 3 என்றால் அது 16 மெகாஹெர்ட்ஸ் வரையான சிக்னலுக்கு மட்டும் செய்த கேபிள். அடுத்து, அந்தக் கேபிள் சாக்கெட்டிலிருந்து எங்கே போகிறது?

கை வைக்கும் முன் மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) வையுங்கள். போன் இல்லை என்பதால் லைனில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் போல டிசி நிற்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி ஏறும். 48 வோல்ட் காய்ந்த கைக்குப் பெரும்பாலும் தெரியாது. மணி தெரியும். வியர்த்த கையோடு ஏணியில் நின்று இரண்டு கம்பியையும் பிடித்திருந்தபோது எனக்கு ஓர் அழைப்பு வந்தது. இன்னும் மறக்கவில்லை.

மேலுறையில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் வந்தவர் சொன்னதுதான் சரி. பிடுங்கிவிடுங்கள்.

ஜனவரி 12

"எங்கே போகிறது" என்று ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போன் வயரைப் பெரும்பாலும் சங்கிலி போலத்தான் போட்டிருப்பார்கள். கூடத்து சாக்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து அடுத்த அறைக்கு. ஒரே லைனில் ஐந்து போன் தொங்கினாலும் எல்லாம் ஒன்றாக மணி அடிக்கும், எதை எடுத்தாலும் பேசலாம். பேச்சுக்கு இது போதும், வயரும் மிச்சம். நெட்வொர்க்குக்கு இது ஆகவே ஆகாது. அதில் ஒரு கேபிளுக்கு இரண்டு முனைதான் இருக்கலாம்: ஒரு பக்கம் ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிளை ஒன்றாக இணைக்கும் பெட்டி), மறுபக்கம் கருவி. நடுவில் கிளை பிரிந்தால் அலை அங்கே மோதித் திரும்பும்.

கண்டுபிடிக்க எளிய வழி, சாக்கெட்டின் பின்னால் எத்தனை கேபிள் நுழைகிறது என்று எண்ணுவது. ஒன்றுதான் என்றால் அது நேராக ஒரு பெட்டிக்குப் போகலாம், அல்லது சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருக்கலாம். இரண்டு என்றால் சங்கிலிதான், சந்தேகமே வேண்டாம். எல்லா அறையிலும் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரி 14

எட்டுக் கம்பி என்றாலே நெட்வொர்க் கேபிள் என்று நீங்கள் நினைத்தது இயல்பு. ஆனால் கம்பியின் எண்ணிக்கையைவிட முறுக்கு முக்கியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த வேலையில் ஆர்வம் பிறந்ததே இந்த இடத்தில்தான்.

ஆரம்ப காலத் தொலைபேசியில் ஒற்றைக் கம்பிதான், திரும்பும் வழி பூமி. பக்கத்துத் தந்திக் கம்பியின் சத்தமெல்லாம் காதில் விழும். அதற்கு மருந்தாக இரண்டு கம்பியை ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய சமமாக விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். இன்று சுவருக்குள் ஓடும் கேபிள் வரைக்கும் அதே கருத்துதான். ஒரு கேபிளுக்குள் நான்கு ஜோடியையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்குவது, ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் கேட்காமல் இருக்க.

பேச்சுக்கு வேண்டியது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால் வீட்டுக்குள் முறுக்கே இல்லாத சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள் நான்கு கம்பி வயரைப் போட்டும் காலம் ஓடியது. கேட் 5இ கேபிளைச் சோதிப்பது 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அந்த நான்கு கம்பி வயரை நெட்வொர்க்குக்கு மாற்றப் பார்த்து நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஜனவரி 15

"மேலுறை அழுக்கில் எழுத்தே தெரியவில்லை" என்கிறீர்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து மீட்டருக்கு ஒருமுறை போலத்தான் வரும், அதனால் பெட்டிக்குள் தெரியும் துண்டில் இல்லாமல் போகலாம். கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பலம் போடாதீர்கள்.

ஜனவரி 19

முதல் நாள் இரவு "பிடுங்கிவிடுங்கள்" என்று எழுதியது சில நாளாக உறுத்துகிறது. அதைத் திருத்த வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே வேலை நடந்தது. பன்னிரண்டு வீடு. கீழ்த்தளத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் 25 ஜோடிக் கேபிள் ஒன்று வந்து பிரியும். வீட்டுக்கு ஒன்று, சில வீட்டுக்கு இரண்டு என்று போக மீதி சும்மா கிடந்தது. எந்த ஜோடி எங்கே போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. வீடு வீடாகக் கேட்டேன்: "போன் வைத்திருக்கிறீர்களா?" பன்னிரண்டு வீட்டிலும் இல்லை என்றார்கள். வந்த ஒப்பந்தக்காரர் "எல்லாம் செத்த லைன்" என்றார். நானும் தலையாட்டினேன். கேபிளை மொத்தமாக வெட்டினோம். பழைய பெட்டி போய் இடம் சுத்தமாக இருந்ததைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஐந்தாம் நாள் மின்சாரம் போனது. மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியம்மா லிப்டில் மாட்டிக்கொண்டார். உள்ளே அவசர பொத்தானை அழுத்தியிருக்கிறார். சத்தமே இல்லை. லிப்டின் அவசர போன் அந்தக் கேபிளில் ஒரு ஜோடியில்தான் இருந்தது. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத லைன் என்பதால் நான் வீடு வீடாகக் கேட்டதில் அது வரவேயில்லை. படிக்கட்டில் ஏறிய பையன் ஒருவன் அவர் கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தான். இருபது நிமிடம் இருட்டில் நின்றிருக்கிறார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொத்தானை அழுத்தினேனே" என்றார், திரும்பத் திரும்ப. மல்டிமீட்டரை எடுத்து 25 ஜோடியையும் அளந்திருந்தால் அரை மணி நேர வேலை. 48 வோல்ட் காட்டியிருக்கும்.

ஆகவே என் முதல் பதிலை இப்படி மாற்றிப் படியுங்கள்: கீழே உள்ள பெட்டியில் ஒவ்வொரு ஜோடியையும் அளந்து, எங்கே போகிறது என்று தெரிந்து, எழுதி ஒட்டும் வரை ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம்.

ஜனவரி 20

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லிப்ட் தவிர, தீயணைப்பு எச்சரிக்கைப் பலகை, வாசல் கதவின் அழைப்புப் பெட்டி, திருட்டு எச்சரிக்கை, தனியாக இருக்கும் முதியவர்கள் வைத்திருக்கும் அவசர உதவிப் பொத்தான் எல்லாம் போன் ஜோடியில் ஓடலாம். வாசல் அழைப்புப் பெட்டிக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இருக்காது, வேறு மின்னழுத்தம் இருக்கும், அல்லது அளக்கும் நேரத்தில் ஒன்றுமே இருக்காது. அதனால் பூஜ்ஜியம் காட்டினால் உபயோகமற்ற ஜோடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு முனையில் ஒலி அனுப்பும் கருவியை மாட்டி, மறுமுனையைத் தேடிப் பிடியுங்கள். லைனில் மின்னழுத்தம் இருந்தால் மட்டும் அந்தக் கருவியை மாட்ட வேண்டாம்.

இன்னொன்று. செம்புக் கம்பியில் வரும் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், அதனால் கட்டடம் இருட்டானாலும் பேசலாம். பைபருக்கு (ஒளியில் செய்தி அனுப்பும் கண்ணாடி இழை) மாறினால் வீட்டில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். லிப்ட் போனை அதற்கு மாற்றுவதாக இருந்தால் பேட்டரி வைத்தே ஆக வேண்டும்.

ஜனவரி 27

கேட் 5இ என்று படித்துச் சொன்னதற்கு நன்றி. கூடத்திலும் நடு அறையிலும் பின்னால் இரண்டு கேபிள், கடைசி அறையில் ஒன்று. அப்படியென்றால் சங்கிலிதான், ஆனால் நல்ல கேபிளில் செய்த சங்கிலி. பிடுங்க வேண்டியதில்லை. உங்கள் கணிப்பு பாதிக்குமேல் சரி.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கேபிள் வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பதைப் பிரித்து, தனித்தனி ஆர்ஜே-45 சாக்கெட்டில் இறக்குங்கள். நடு அறையில் சின்ன ஸ்விட்ச் ஒன்றை வைத்து இரண்டு சாக்கெட்டையும் அதில் செருகினால் சங்கிலி மூன்று முழுமையான இணைப்பாக மாறிவிடும். அந்த அறையில் ஒன்றும் தேவையில்லை என்றால் இரண்டு சாக்கெட்டையும் குட்டை பேட்ச் கார்டால் (இரு முனையிலும் பிளக் உள்ள கேபிள்) இணைத்தால் போதும். வேகத்துக்கும் கவலை இல்லை: கேட் 5இ 100 மீட்டர் வரை ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) தாங்கும். 2016இல் வந்த 802.3பிஇசட் தரத்தில் இதே கேபிளில் 2.5 ஜிகாபிட்டும் போகிறது.

சாக்கெட்டில் இறக்கும்போது ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் அவிழ்க்காதீர்கள். போன் வேலை பழகியவர்கள் வசதிக்காக ஒரு விரல் நீளம் அவிழ்ப்பார்கள். கம்பியைச் சாக்கெட்டின் பல்லில் அழுத்தி இறக்கும் கருவியிலும் கவனம் வேண்டும்: சாக்கெட்டில் குரோன், 110 என்று இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் கருவியின் அலகு வேறு. ஒன்றை இன்னொன்றில் போட்டு அழுத்தினால் சாக்கெட்டின் பல் விரிந்துவிடும்.

எந்த நிறக் கம்பி எந்த முள்ளுக்கு என்ற நிறவரிசை டி568ஏ, டி568பி என்று இரண்டு உண்டு. பி-யைத்தான் போட வேண்டும்.

பிப்ரவரி 2

ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட்தான் வருகிறது என்கிறீர்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய வாரம் நினைவுக்கு வந்துவிட்டது.

100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய நான்கு முள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் 100இல் நின்றால் மீதி இரண்டு ஜோடியில் எங்கோ கோளாறு. உங்கள் வீட்டில் முதல் சந்தேகம் நீல ஜோடி மேல். போனுக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாக அதைத்தான்; ஆர்ஜே-45இல் அது நடுவில் 4, 5ஆம் முள்ளில் உட்காரும். சுவரில் எங்காவது யாரும் சொல்லாத நான்காவது சாக்கெட்டில் அதை மட்டும் வெட்டி இணைத்திருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் பாருங்கள். சுவரில் வெறும் மூடி இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

என் பழைய வாரம் வேறு கதை. என் வீட்டில் எட்டு விளக்குச் சோதனைக் கருவி ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்தது. எல்லாம் சரி என்றே நம்பினேன். ஆனால் இணைப்பு வரும், போகும், பெரிய கோப்பு அனுப்பினால் விழும். ரவுட்டரை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், பேட்ச் கார்டு நான்கு மாற்றினேன். ஏழாம் நாள் சாக்கெட்டை மறுபடியும் திறந்து நிறத்தை மட்டும் பார்த்தேன். இரு முனையிலும் ஜோடிகளை அடுத்தடுத்து இறக்கியிருந்தேன்: 1-2, 3-4, 5-6, 7-8. போன் கேபிளைப் பிரிக்கும் பழக்கம் கையில் ஊறியிருந்தது. ஆனால் நெட்வொர்க்கில் 3உம் 6உம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். என் இணைப்பில் 3 ஒரு முறுக்கிலிருந்தும் 6 இன்னொரு முறுக்கிலிருந்தும் வந்தன. மின்சாரம் ஒழுங்காகப் போகும், விளக்கும் எரியும், ஆனால் இரைச்சலைக் கழிக்கும் முறுக்கு அங்கே இல்லை. சாதாரணக் கருவி இதைப் பிடிக்காது. கண்ணால் நிறம் பார்ப்பதுதான் வழி, அல்லது ஜோடிப் பிளவைக் காட்டும் விலை கூடிய கருவி வேண்டும்.

பிப்ரவரி 3

ஜனவரி 27இல் "பி-யைத்தான் போட வேண்டும்" என்று எழுதியது தவறு. ஏ, பி இரண்டுக்கும் ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இடம் மாறுவதைத் தவிர வேறுபாடு இல்லை. இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் எதுவும் சரி. ஏற்கனவே ஒரு முனையில் ஏ இருந்தால் அதைப் பிரிக்காமல் மறுமுனையிலும் ஏ போடுங்கள்.

பிப்ரவரி 9

கீழ்வீட்டுக்காரருக்குக் கேட் 5இ இல்லை, நான்கு கம்பி வயர்தான், சுவரை உடைக்கவும் முடியாது என்று கேட்டிருந்தீர்கள். ஜனவரி 14இல் "நேரம் செலவழிக்க வேண்டாம்" என்று சட்டென்று முடித்துவிட்டேன். அது ஈதர்நெட்டுக்கு, அதாவது இதுவரை பேசிய சாதாரண கேபிள் நெட்வொர்க்குக்கு மட்டும் பொருந்தும்.

மோசமான வயரிலும் வழி கண்டுபிடிக்கிற தொழில்நுட்பங்கள் உண்டு. போன் வயரில் இன்டர்நெட் கொண்டுவரும் ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. அதன் பின்வந்த விடிஎஸ்எல்2இன் பரவலான வகை 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, ஜி.பாஸ்ட் 106 மெகாஹெர்ட்ஸ் வரை. தூரம் குறைந்தால் வேகம் ஏறும், ஒரு கட்டடத்துக்குள் தூரம் குறைவுதான். வீட்டுக்குள் மட்டும் என்றால் ஜி.எச்.என் என்ற தரத்தில் வரும் கருவி இரண்டை முனைக்கு ஒன்றாக வைத்தால் போன் வயரிலும் கோஆக்சியல் (டிவி) கேபிளிலும் வேலை செய்யும். ஒவ்வொரு அலைவரிசையையும் சோதித்து, கெட்டுப்போனவற்றை விட்டுவிட்டு மீதியில் அனுப்புவதால்தான் இது முடிகிறது.

ஆனால் யாரும் பயன்படுத்தாத கிளைகளை வெட்டிவிடச் சொல்லுங்கள். தொங்கும் ஒவ்வொரு கிளையும் அலையைத் திருப்பி அனுப்பி வேகத்தைத் தின்னும். எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டில் உபயோகமில்லாத இரண்டு சாக்கெட்டைத் துண்டித்தோம், அன்று மாலையே மோடம் அடிக்கடி அறுந்து இணைவது நின்றது. மழை நாளில் வேகம் குறைந்தால் எங்கோ இணைப்பில் களிம்பு ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 16

மேல்மாடி வீட்டில் புதிதாக இழுக்கிறார்கள் என்று அறிந்தேன். அவர்கள் கவனிக்க வேண்டியதை, மனதுக்கு வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

பழைய வயரின் முனையில் புதிய கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுப்பது பைப்புக்குள் ஓடும் வயருக்கு மட்டும்தான் ஒத்துவரும். கட்டடம் கட்டும்போதே வயரைச் சுவருக்குள் ஆணி அடித்துப் பதித்திருந்தால் வராது, பழையதும் அறுந்து இரண்டும் போய்விடும். இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டுவையுங்கள். அடுத்து வருபவருக்கு அந்தக் கயிறு பெரிய உதவி.

கேபிளை மடக்கக் கூடாது. வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். கரண்ட் வயர் ஓடும் பைப்பில் இதை விடவே கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மாடிக்கு மாடி துளையிட்டால் அதைத் தீ தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டின் புகை அந்தத் துளை வழியாகத்தான் மேல்வீட்டுக்கு ஏறும்.

மிகப் பழைய கட்டடம் என்றால், துளையிடும் முன் சுவர்ப் பலகையிலோ கூரைப் பலகையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடிகளுக்கு இடையே ஏறும் கேபிள் சாம்பல் நிறத்தில் கனமாக, கத்தி பட்டால் பளபளவென்று இருந்தால் அது ஈய உறை, உள்ளே காகிதம் சுற்றிய கம்பி. அதை அறுக்காமல் அப்படியே விடுவது நல்லது.

பிப்ரவரி 17

நேற்று விட்டுப்போனது: செம்பு பூசிய அலுமினியக் கேபிள். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு முனையில் ஒரு ஜோடியை ஒன்றாகச் சேர்த்து மறுமுனையில் ஓம் அளவைப் பாருங்கள். 0.5 மி.மீ. செம்பு, 100 மீட்டர் என்றால் 17 ஓம் போல வரும். 25ஐத் தாண்டினால் அது முழுச் செம்பு இல்லை, அல்லது எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது.

மார்ச் 1

அலமாரிக்குப் பின்னால் நான்காவது சாக்கெட் இருந்தது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நீல ஜோடியைத் தொடராக இணைத்து ஜிகாபிட் வந்துவிட்டது என்றால், அந்த இடத்திலும் ஒரு முழு சாக்கெட் வைத்து நான்கு ஜோடியையும் முறையாக முடித்துவிடுங்கள். வெறும் முறுக்கு இணைப்பு ஒரு மழைக்காலத்துக்கு மேல் நம்ப முடியாது.

பைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து மிச்ச வயருக்கு லைன் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: கொடுக்கலாம். முதலில் வெளியிலிருந்து வரும் பழைய லைனை நுழைவிடத்தில் முழுதாகப் பிரித்துவிட வேண்டும். இரண்டு மின்சாரமும் ஒன்றாகச் சேர்ந்தால் பெட்டி போய்விடும். பழைய மணி உள்ள போன்களை நிறைய மாட்டினால் மணி அடிக்கப் பலம் போதாமல் போகலாம், ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். போன் ஓடும் சாக்கெட்டும் நெட்வொர்க் சாக்கெட்டும் ஒரே மாதிரி ஆர்ஜே-45 ஆக இருக்க வேண்டாம். தெரியாமல் யாராவது கணினியைச் செருகிவிட்டால் மணியின் மின்னழுத்தம் அதன் துளையைக் கெடுத்துவிடலாம்.

மார்ச் 8

கீழே உள்ள பெட்டியில் என்ன எழுதி ஒட்டினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுடையதைச் சொல்கிறேன், அன்று எடுத்த பெட்டியையும் கேபிளையும் திரும்பப் போட்ட பிறகு எழுதியது. ஜோடி எண், நிறம், எந்த வீடு, கடைசியாக அளந்த தேதி. வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு என்று தொடங்கி ஊதா-சாம்பல் வரை 25 வரி. பத்தொன்பதாவது வரியில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது: லிப்ட்.

மாதம் ஒருமுறை நானே அதைச் சோதிக்கிறேன். நேற்று உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை மணி அடிப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண் எடுத்து "சொல்லுங்கள்" என்றார். சோதனைக்காக அழைத்தேன் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாடிக்குப் போய்ப் பெரியம்மாவிடமும் சொன்னேன். அந்த நாளிலிருந்து அவர் படிக்கட்டில்தான் ஏறுகிறார். நேற்றும் படிக்கட்டில்தான் கீழே வந்தார், ஆனால் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்பு நாடாவைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.